புதன்கிழமை இரண்டு மணி நேரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இதை நான் நம் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிற டிரஸ்ட் அலுவலகத்தில், பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்கிய பீரோவை ஒட்டிப் போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து, மூன்று புதன்கிழமைகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த டிரஸ்ட், நான் எதற்கு அங்கே போனேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். முதலில் நீ உட்கார். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல். உனக்கு மனைவியாக வரப்போகிறவள் இதை உன்னோடு சேர்ந்து தெரிந்துகொள்வதுதான் நல்லது.

நான் இதை எழுத ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் சந்தோஷமாகச் சொன்னாய். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள், அதற்கு முன்னால் அப்பா ஒருதடவை அவர்களோடு போனில் பேசிவிட்டால் மரியாதையாக இருக்கும் என்றாய். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். அப்பாவால் பேச முடியாது, தம்பி. பத்து மாதமாக அவருக்குப் பேச்சு இல்லை. நாக்கில் முக்கால்வாசியையும் வலது பக்கத் தாடையையும் மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அவருக்கு வந்திருப்பது வாய்ப் புற்றுநோய்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் பத்து மாதத்தில்தான் அப்பா உனக்கு வாட்ஸ்அப்பில் நீளநீளமாக எழுத ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசுவதே "சாப்பிட்டியா", "வேலை எப்படி" என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். கனடா போகாதே என்று அவர் சொல்லி, நீ போன நாளிலிருந்து அப்படித்தான். அவர் எழுத ஆரம்பித்ததும் நீ என்னிடம், "அப்பா மாறிட்டாரும்மா, இப்பத்தான் எங்கிட்ட மனசு விட்டுப் பேசுறாரு" என்று சொன்னாயே, அன்றைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீடியோவில் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், தொண்டை கட்டியிருக்கிறது என்று எத்தனை பொய். ஆனால் அவர் எழுதியது எதுவும் பொய் இல்லை. அதை மட்டும் நம்பு.

என் பக்கத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டென்று உனக்கே தெரியும். கம்பத்தில் ஏறி நிற்கிறவனுக்கு வேறு என்ன துணை என்பார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கன்னத்து உள்பக்கம் ஒரு புண் இருப்பதை நான் பார்த்தேன். சூட்டுப்புண் என்றார். நானும் மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தேன், மருந்துக்கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம். சத்துணவு மையத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள் நான். எத்தனை பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தாய்மார்களை விரட்டியிருப்பேன். என் வீட்டில் எனக்கு அந்த வாய் வரவில்லை. போகலாமா என்று கேட்டால் அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். ஒருவர் கோபத்துக்குப் பயந்து கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடாதே, தம்பி. உன் மனைவியிடமும் சரி, அவள் உன்னிடமும் சரி. நான் அப்படி விட்டதைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே பேச்சு குழறியது. "அவனுக்கு அங்க நெரந்தரமாத் தங்குற பேப்பரு வர்ற நேரம். இப்பக் கெளம்பி வந்தா எல்லாம் கெட்டுப்போகும். சொல்ல மாட்டேன்னு அவன் தலைமேல சத்தியம் பண்ணு" என்றார். நான் மாட்டேன் என்றேன். "அப்ப நான் ஆபரேஷனுக்குப் போகமாட்டேன்" என்றார். பண்ணினேன். உன் தலை கனடாவில் இருந்தது. என் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் வாயால் நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது ஒரு சிறைவாசம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கரண்ட் போனால் பாதித் தெரு நம் வாசலில் வந்து நின்ற வீடு இது. அந்த வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தச் சொன்னார். யாரும் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. தெருவில் கேட்டால் மதுரையில் தங்கி வைத்தியம் பார்க்கிறார் என்று சொல்லச் சொன்னார். நான் பால் வாங்கப் போனால்கூட வெளியே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சொந்தத்தில் நாலு கல்யாணம் வந்தது, ஒன்றுக்கும் போகவில்லை. சிவகங்கையிலிருந்து உன் பெரியம்மா வருகிறேன் என்றபோது, அக்காவென்றும் பார்க்காமல், வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வயிற்றில் குழாய் வைத்திருக்கிறார்கள். கஞ்சி, பால், அரைத்து வடிகட்டிய முட்டை எல்லாம் இரண்டு மணிக்கு ஒருதடவை அந்தக் குழாய் வழியாகத்தான். கழுத்துப் புண்ணுக்குக் காலையும் மாலையும் கட்டு மாற்ற வேண்டும். நான் எங்கே இருந்தாலும் அவர் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவார். அந்தச் சத்தம் குளிக்கும்போது கேட்கும். பாத்திரம் தேய்க்கும்போது கேட்கும். அவர் தூங்கும்போதும் எனக்குக் கேட்டது. புண்ணில் வாடை வர ஆரம்பித்தது. ஜன்னலைத் திறக்கவும் முடியாது. நான் அவருக்குப் பக்கத்தில் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதை அவர் பார்த்துவிட்டார். அதன்பிறகு நான் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாற்பது வருஷத்தில் அவர் என்னை அடித்ததில்லை. ஆனால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த டிரஸ்டிலிருந்து வரும் ரெஜினாவைத் தவிர.

ஆபரேஷன் முடிந்து நாலாவது மாதம். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கட்டுத்துணி தீர்ந்துவிட்டது என்று வெளியே பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடைக்குப் போனேன். வாங்கித் திரும்பும்போது, கல்லல் வழியாகச் சிவகங்கை போகும் பஸ் கிளம்ப நின்றது. ஏறிவிட்டேன். யோசித்து ஏறவில்லை, அதேசமயம் தெரியாமலும் ஏறவில்லை. ஜன்னல் சீட்டு. காற்று முகத்தில் அடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு முகத்தில் காற்று. கல்லல் தாண்டும்வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. பெற்ற பிள்ளையிடம் அதை மறைக்க மாட்டேன். திரும்பிப் போகக் கூடாது, அக்கா வீட்டில் போய் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அப்புறம்தான் மடியில் கிடந்த வீட்டுச் சாவியைப் பார்த்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவரால் கத்த முடியாது. கத்தினாலும் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது.

சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா வீடு நடக்கிற தூரம்தான். போகவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் ஏறவில்லை. கண் முன்னால் இரண்டு காரைக்குடி பஸ் போனது. மூன்றாவதில் ஏறினேன்.

கதவைத் திறக்கும்போது மணி மூன்றரை. கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தானே குழாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்துக் கொட்டியிருக்கிறார். நான் அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார்: "நீ வரமாட்டேன்னு நெனச்சேன்." அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்: "போயிருந்தாலும் தப்பில்ல."

அந்த இரண்டாவது வரியை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் டாக்டரிடம் புண்ணைக் காட்ட, முகத்தைத் துண்டால் மூடி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் உள்ளே இருக்கையில் வராந்தாவில் நின்று அழுதுவிட்டேன். அங்கிருந்த ஒரு நர்ஸ், "வீட்டுக்கே வந்து பாக்குற டிரஸ்டு ஒண்ணு இருக்கும்மா, கூப்புட்டுப் பாருங்க" என்று ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா ஸ்கூட்டியில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், இப்போது புற்றுநோய்க்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. அப்பா நோட்டில் "வேண்டாம், போகச் சொல்" என்று எழுதி என் கையில் கொடுத்து, உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அந்த நோட்டையே வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் படித்துவிட்டு, "இருக்கட்டும். நான் அவுகளப் பாக்க வரல, உங்களப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"கடைசியா எப்ப நல்லாத் தூங்குனீக?"

நான் யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. வாசல்படியில் நின்றபடியே அவளிடம் பஸ் கதையைச் சொல்லிவிட்டேன். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம். அவள் அதிர்ச்சி அடையவில்லை. "திரும்பி வந்தீகள்ல" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம் அப்பா கதவைத் திறந்தார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "அண்ணே, இந்த வாடைக்கு ஒரு வழி பண்ணுவமா?" என்றாள். வாடை என்ற வார்த்தையை அந்த வீட்டில் நாங்கள் இருவரும் அதுவரை எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவக் கற்றுக்கொடுத்தாள். நாலே நாளில் பாதி குறைந்தது. அவ்வளவு சின்ன விஷயம், தம்பி. அது தெரியாமல் நானும் அவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை வாரம் இருந்திருக்கிறோம். வலிக்கு எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். சளி உறிஞ்சும் மிஷின் ஒன்றை டிரஸ்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள்; தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த இரண்டு மணி நேரம். புதன்கிழமை பத்து மணிக்கு அவள் வந்ததும் நான் வெளியே போய்விட வேண்டும். அது அவள் போட்ட விதி. முதல் தடவை எங்கே போவதென்று தெரியவில்லை. தெருமுனை வரை போய் நின்றுவிட்டு, இருபது நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். "இன்னும் நேரம் கெடக்கு. அங்குட்டுப் போய் நடந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கால்போன போக்கில் போனேன். ஒரு கடையில் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் மூக்கில் ஏறியது. அவரால் சாப்பிட முடியாது என்று வீட்டில் நான் தாளிப்பதையே விட்டிருந்தேன். தயிர்சாதமும் ஊறுகாயுமாகவே நாலைந்து மாதம் ஓடியிருந்தது. நின்றபடியே ஆறு பணியாரம் காரச் சட்னியில் முக்கித் தின்றேன். தின்று முடித்ததும் திருட்டுத்தனம் செய்த மாதிரி இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்படியும் அவர் மோந்து கண்டுபிடித்துவிட்டார். "பணியாரமா?" என்று எழுதிக் காட்டினார். நான் தலையைக் குனிந்தேன். "எனக்கும் சேத்துத் தின்னியா?" என்று எழுதினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிப்பு இப்போது கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. நீ வரும்போது அங்கே பார்.

ஒரு வாரம் ரெஜினா தன்னோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாச்சியாபுரத்தில் டீக்கடை வைத்திருக்கும் சேவுகன். அவருக்கும் அப்பா மாதிரியே தாடை எடுத்திருக்கிறது. நாக்கு முழுசாக இருப்பதால் கொழகொழவென்று பேசுவார். டிரஸ்ட்காரர்கள் அவரை இந்த மாதிரி வீடுகளுக்கு அழைத்துப் போவார்களாம். வந்தவர், "தங்கச்சி, ஒரு டீ போடுங்க" என்றார். அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். பாதி உள்ளே போனது, பாதி ஓரத்தில் வழிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டே, "டீக்கடைக்காரனுக்கு ஒழுங்கா டீ குடிக்கத் தெரியலன்னு ஊரே சிரிக்குது, அப்புறமும் எங்கடையிலதான் குடிக்கிறாய்ங்க" என்றார். அப்பா கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்து, "வெளிய போகக் கூச்சமா இல்லையா?" என்று எழுதினார்.

"இருந்துச்சுண்ணே. எம் மக கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு படுத்துக்கிட்டேன். அவ வந்து, அப்பா இல்லாத பொண்ணுன்னு பேரு வாங்கிக் குடுக்கப் போறீகளான்னு கேட்டா. எந்திரிச்சுப் போய் நின்னேன். இந்த மூஞ்சியோடதான். பந்தியில ஒருத்தரும் எலையவிட்டு எந்திரிக்கல."

அவர் போன பிறகு அப்பா எழுந்து போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைத் தானே திறந்தார். ஒரே ஒரு ஜன்னல். மற்றவை இன்றைக்கும் சாத்தித்தான் இருக்கின்றன.

இதோடு கடிதத்தை முடிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போன மாதம் கழுத்தில் மறுபடியும் கட்டி வந்தது. இனி வெட்டி எடுக்க வழியில்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நானும் வழக்கம்போல அவரிடம் மறைத்தேன். ஆனால் ரெஜினா மறைக்க உடன்படவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்று கேட்டாள். அப்பா ஒரே வார்த்தை எழுதினார்: "எல்லாம்." அவள் சொன்னாள். எத்தனை நாள் என்று எழுதிக் கேட்டார். "தேதி சொல்ல யாருக்கும் தெரியாதுண்ணே. மாசக் கணக்குல நெனைங்க, வருசக் கணக்குல நெனைக்காதீக" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. சத்தம் போட்டு அழுதது நான்தான். அன்றைக்கு அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அவளிடம் கேட்டேன், தினமும் வரமுடியாதா என்று. முடியாது என்றாள். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள், போய்ப் பார்க்க இருப்பது இரண்டு நர்ஸ்தான். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை இன்றைக்கும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபடி கதவு, மறுபடி குழாய், மறுபடி டம்ளர் சத்தம். டிரஸ்ட் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவர்கள் எனக்கு மூச்சுவிடக் கொடுக்கிறார்கள். அடைபட்டு இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

உன்னிடம் இன்னும் சொல்லக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருக்கிறார். கல்யாணம் முடியட்டும் என்று எழுதுகிறார். பெண் வீட்டார் வரும்போது தன்னை நேமத்தான்பட்டிச் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள் என்கிறார். நான் இதை ரெஜினாவிடம் சொல்லி, "அவன் தலைமேல சத்தியம் பண்ணிட்டேன், மீறினா அவனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றேன். அவள் கையில் மாட்டியிருந்த உறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "யாரு தலைமேல சத்தியம் பண்ணுனீகளோ, அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீகளா?"

கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் அவர் பார்த்துவிடுவார் என்று புதன்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு இந்த மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, உன் அப்பாவின் கடைசி வருஷத்தை உன்னிடமிருந்து நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். நாளைக்கு நீயும் அவளும் குடும்பம் நடத்தும்போது, உன் நல்லதுக்காகத்தான் மறைத்தேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நாள் வரும். அந்த நாளில் இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. பெண் வீட்டாரிடம் நீயே சொல்லிவிடு. அதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கினால், அது இப்போதே தெரிவது நல்லது.

வந்தால் அவரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் உனக்கு அதிரும். அதிரட்டும், ஆனால் பார்வையைத் திருப்பாதே. அவர் எழுதும்போது பாதியிலேயே புரிந்துகொண்டு நீ சொல்லி முடித்துவிடாதே. கடைசி எழுத்து வரை காத்திரு. கனடா போகும்போது நடந்த சண்டையைப் பற்றி நீயாக மன்னிப்புக் கேட்காதே. அவர் அதை எப்போதோ விட்டுவிட்டார். ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திரு. தெருவில் போகிறவர்களைப் பற்றிப் பேசு. அவருக்குப் பிடித்தது அதுதான்.

மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டுத்தான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் அனுப்பிவிட்டேன் என்று அப்பாவிடம் நானே சொல்வேன். அவர் கோபப்படுவார். என்னோடு இரண்டு நாள் எழுதாமல் இருப்பார். இருக்கட்டும், இந்த முறை நான் பயப்படப்போவதில்லை.

நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. உனக்குப் படிப்பு இருந்தது, பிறகு வேலை இருந்தது, பிறகு பேப்பர் இருந்தது. இப்போது கேட்கிறேன். கல்யாணத் தேதி வரை காத்திருக்காதே, லீவு கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதே. அப்பாவைப் பார்க்க வா என்றுதான் எழுத நினைத்தேன். எழுதும்போது வேறொன்று வருகிறது. என்னால் இதைத் தனியாகச் செய்ய முடியவில்லை, தம்பி. எனக்காக வா.

உன் அம்மா